கொக்குக்குக் கண் திறந்தவன்

ஜூலை 3, திங்கள்

எம்.ஜி.ஆர். முதல் தடவை கோட்டைக்குப் போன வருஷம். அதே வருஷம் கார்த்திகை பிறந்ததும் ஆந்திராவில் கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் ஜனங்களை வாரிக்கொண்டு போனது. அது முடிந்து வந்த தை மாதத்துக் கடைசி ஞாயிறு, சோழவரம் ஏரோட்ராமில் நடந்த மோட்டார் ரேஸில் நான் கொக்குக்குக் கண் திறந்தேன். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு என்கிறாள் வேதவல்லி. இருக்கட்டும்.

சொல்வது பூங்காவனம். எழுதுவது என் மருமகள் வேதவல்லி. நாற்பது வருஷம் எழுத்துப் பெயிண்டராக இருந்தவனுக்கு எழுத்து தெரியாது என்றால் சிரிப்பார்கள். காகிதத்தில் கொடுத்ததைக் கட்டம் போட்டு அப்படியே பெரிதாக்குவேன். யானையை வரைகிறவன் யானையோடு பேசவா செய்கிறான்?

இன்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். தொண்டையில் இருக்கிற குரல் பெட்டியை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தால் பேச்சு போகும், ஆள் இருப்பான். கழுத்தில் ஒரு ஓட்டை வைப்பார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். இருபத்து நாலாம் தேதி ஆபரேஷன். அதற்கு நான் சம்மதித்துக் கைநாட்டு வைக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

"எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க, ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"நமக்கு அந்தப் பழக்கம் இல்ல டாக்டர்."

வேதவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிகரெட் கம்பெனிக்காரன் கொடுத்ததை வீணாக்கக் கூடாதே என்று குடித்தது பழக்கத்தில் சேராது. பஸ்ஸில் அவளிடம் அதைத்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

பேச்சு போய்விட்டால் எனக்குள் இருப்பதெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். அதனால் செங்குன்றத்தில் இறங்கி நோட்டு வாங்கச் சொன்னேன். நான் இழுத்து இழுத்துப் பேசுகிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்றும் சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டுவாள். தப்பு இருந்தால் நான் பிடித்துவிடுவேன்.

ஜூலை 4, செவ்வாய்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. துணியைக் கொளுத்திக் காட்டினேன். புகை தொண்டையில் பட்டு அரை மணி நேரம் பேச முடியவில்லை.

ஜூலை 5, புதன்

ரேஸ் என்றால் முதலில் எங்கள் ஊர் ரோடு முழுக்க மோட்டார் நிற்கும். சோழவரம் ஏரோட்ராம், சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விமானத்துக்காகப் போட்ட ஓடுதளம். வருஷத்தில் சில நாள் மட்டும் அங்கே வண்டி விடுவார்கள். நான் அப்போது மவுண்ட் ரோடு பக்கம் சினிமா பேனர் கம்பெனியில் இருந்தேன். ரேஸ் சமயத்தில் வண்டிகளுக்கு நம்பர் போடக் கூப்பிடுவார்கள். அந்த நாளில் வண்டி மேல் பெட்ரோல் பேரும் டயர் பேரும்தான் இருக்கும், அதுவும் சின்னதாக, பொட்டு வைத்த மாதிரி.

மெக்கானிக் டெஸ்மண்ட் அண்ணன் பெரம்பூர் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியன். அவர்தான் ஒரு நாள் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "பாரு மேன், சீமைல பத்து வருசமா இப்டித்தான். வண்டிய சிகரெட் பாக்கெட் மாரியே அடிச்சிடறான். சக்கரம் வெச்ச பாக்கெட் அது."

மறு வருஷமே நமக்கும் வந்தது. சிகரெட் கம்பெனி ஒன்று ஒரு ஃபியட்டை வாங்கி, என்ஜினைப் பிரித்து டெஸ்மண்ட் அண்ணனிடம் கொடுத்தது. வண்டி முழுக்கச் சிவப்பு, இடுப்பில் தங்கப் பட்டை, இரண்டு பக்கக் கதவிலும் வெள்ளை வட்டத்துக்குள் ஒற்றைக் காலில் நிற்கிற சிவப்புக் கொக்கு, கீழே இங்கிலீஷில் பேர். பேர் என்னவோ இருந்தது. ஜனங்கள் கொக்கு சிகரெட் என்றுதான் கேட்பார்கள். ரேஸில் கொடுக்கிற கப்புக்கும் அதே பேர், பந்தலுக்கும் அதே நிறம், டீ கொடுக்கிறவன் சட்டையும் அதே நிறம். ஒரு மாதம் வேலை செய்துவிட்டு ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் சிவப்பு ஓடும்.

ஜூலை 7, வெள்ளி

கண் விஷயம்.

பேனர் வேலையில் ஒரு முறை உண்டு. சாமி படமோ நடிகர் படமோ, உருவம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கண் வைப்போம். கண் வைத்தால் உருவம் பார்க்க ஆரம்பிக்கும். முதல் பார்வை மனுஷன் மேல் விழக் கூடாது. எதிரே ஒரு கண்ணாடியைப் பிடிப்போம். அது தன்னையே பார்த்துத் தணிந்த பிறகுதான் கண்ணாடியை எடுப்போம். என் வாத்தியார் குடித்துவிட்டு வந்த நாளில்கூட இதை மாற்றினதில்லை.

கொக்குக்கும் அப்படியே வைத்திருந்தேன். பக்கவாட்டில் நிற்கிற பறவை, அதனால் ஒரே கண். ஆனால் அந்த ஒற்றைக் கண் நேராக நம்மைத்தான் பார்க்கும். ரேஸ் அன்று காலையில், ஓட்டுகிறவர் எதிரில், கருப்பைத் தொட்டு வைப்பேன். கண்ணாடிக்கு அந்த வண்டியின் கண்ணாடியையே கழற்றிக்கொள்வேன்.

அன்று காலை கண்ணாடி இல்லை. சோதனை போடுகிற ஆபீசர்கள், கண்ணாடி இல்லாத வண்டியை விட மாட்டோம் என்றதால் டெஸ்மண்ட் அண்ணன் அதை மறுபடி வண்டியில் மாட்டி முடுக்கிவிட்டார். போட்டோகிராபர் வேறு அவசரப்படுத்தினான். கதவுக்கு எதிரே எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"கண்ணாடி வரட்டும்," என்றேன்.

"அட, ஒரு கொக்குக்கு இவ்ளோ மரியாதையா? வை பெயிண்டர், நேரமாச்சு," என்றார் கம்பெனி ஆபீசர் பட்டாபி சார்.

வைத்தேன். போட்டோவும் எடுத்தார்கள்.

நின்ற வரிசையை இன்றைக்கும் சொல்வேன். இடது கோடியில் டெஸ்மண்ட் அண்ணன். பக்கத்தில் டிங்கர் காதர்மொய்தீன். நடுவில் வண்டி ஓட்டுகிற ஜெயதேவ் சார், கோயம்புத்தூர் மில்காரர் மகன். அடுத்து பட்டாபி சார். அடுத்து டயர் மாற்றுகிற எல்லப்பன், என் பெண்டாட்டியின் தம்பி. வலது கோடியில் ஃபிலோமினா, சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு தட்டில் சிகரெட் வைத்து எல்லோருக்கும் கொடுக்க வந்த வியாசர்பாடிப் பெண். நான் கீழே குந்தியிருந்தேன். படத்தில் பிரஷ் பிடித்த என் கை மட்டும் இருக்கும். சிகரெட் எல்லாருக்கும் கொடுத்தது ஃபிலோமினாதான், தட்டிலிருந்து.

அந்தப் படத்தைக் கம்பெனி ஆபீசில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரே தடவை பார்த்தேன். போதும்.

அன்று ஜெயதேவ் சார் முதலாவதாக வந்தார். கொக்குக்கு ராசி என்று பட்டாபி சார் எல்லோருக்கும் டப்பா டப்பாவாகக் கொடுத்தார்.

ஜூலை 8, சனி

போனவர்களைச் சொல்கிறேன்.

இந்திரா அம்மாவைச் சுட்ட மறு வருஷம் டெஸ்மண்ட் அண்ணன். நெஞ்சில் கை வைத்து வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த வருஷம் காதர்மொய்தீன். காசம் என்றார்கள், பிறகு அது இல்லை, நுரையீரலில் கட்டி என்றார்கள். கார்கில் சண்டை நடந்தபோது ஜெயதேவ் சார், காலையில் பல் தேய்க்கிறபோது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சுனாமிக்கு முந்தின மாதம் பட்டாபி சார். முதலில் கால் விரல் கருத்தது, பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள், பிறகு இன்னொரு கால், பிறகு ஆள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் என் மச்சான் எல்லப்பன். நாக்கில் புண். கடைசியில் கஞ்சி விட்டால் கன்னத்தின் வழியாக வந்தது.

படித்துக் காட்டி முடித்ததும் வேதவல்லியைக் கேட்டேன், இதில் ஒன்று தெரிகிறதா என்று.

"எல்லாரும் சிகரெட் குடிச்சவங்க, மாமா."

"அதில்லம்மா. வரிசையப் பாரு. இடது கையிலிருந்து வலது கைக்கு."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

ஜூலை 9, ஞாயிறு

அந்தக் கதவு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சிகரெட் விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்ததும், கம்பெனி தன் பழைய பலகைகளையும் வண்டிகளையும் அழிக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டது. நான் போட்டதை நானே வெள்ளை அடித்து அழித்தேன். ஃபியட்டை உடைக்கிறபோது அந்தக் கதவை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறு ஆள் கையில் போய்விடக் கூடாது என்று தோன்றியது.

இப்போது அது கோழிக் கூண்டுக்கு ஒரு பக்கச் சுவர். பத்துத் தடவைக்கு மேல் வெள்ளை அடித்துவிட்டேன். சிவப்புக்கு ஒரு குணம் உண்டு, அது ஊறும். மேலே எத்தனை பூச்சு கொடுத்தாலும் மழைக்குப் பிறகு ரோஜா நிறத்தில் மேலே வரும். பெயிண்டர் எல்லோருக்கும் தெரியும், பயப்பட ஒன்றும் இல்லை.

கருப்பு ஊறாது.

நேற்று மழை. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். கொக்கு இன்னும் வரவில்லை. கண் வந்திருந்தது. கோழிகள் மூன்றும் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

ஜூலை 10, திங்கள்

டாக்டர் ஆபீசிலிருந்து போன். கைநாட்டு வைக்க எப்போது வருகிறீர்கள் என்று. வேதவல்லி போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "இன்னா மாமா சொல்ல?"

சொன்னேன். ஃபிலோமினா இருக்கிறாளா என்று பார். அவள் போயிருந்தால் அடுத்தது நான்தான். கத்தி வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். பேச்சையாவது கையில் வைத்துக்கொண்டு போகிறேன். அவள் இருந்தால் என் முறை இன்னும் வரவில்லை. வந்து கைநாட்டு வைக்கிறேன்.

"உயிரு விஷயத்துல ஒரு கோழிக்கூண்டு கதவ வெச்சினு வெளாடறியா மாமா நீ?" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. நோட்டில் அதையும் எழுதச் சொன்னேன்.

ஜூலை 12, புதன்

என் மகன் மணிமாறன் நாக்பூரிலிருந்து போன் பண்ணினான். லாரி லோடுக்கு நிற்கிறதாம். பேச்சுக்கு நடுவே இருமினான். தூசி என்றான். "நைனா, அது பொம்ம. டாக்டர் சொல்றதக் கேளு. கொக்கு பாத்துச்சாம், குருவி பாத்துச்சாம்!"

தீக்குச்சி உரசுகிற சத்தம் போனில் நன்றாகக் கேட்கிறது.

ஜூலை 13, வியாழன்

சட்டம் வந்த விஷயத்தை விட்டுவிட்டேன்.

நமக்கு வருவதற்கு முன்பே சீமையில் அங்கங்கே தடை போட்டிருந்தார்கள். டீக்கடை டிவியில் ரேஸ் காட்டும்போது பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் தடையோ அந்த ஊரில் மட்டும் வண்டியில் எழுத்து இருக்காது. எழுத்து இருந்த இடத்தில் வெறும் கோடாகப் போட்டிருப்பான், இல்லாவிட்டால் காலியாக விட்டிருப்பான். நிறம் அதே நிறம். பட்டை அதே பட்டை. கடைக்காரப் பையன், "எழுத்த எடுத்துட்டானுங்க, ஒழிஞ்சது," என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுத்து தெரியாதவனுக்கு அதில் என்ன ஒழிந்தது? நான் முதலில் இருந்தே நிறத்தைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். அன்று அந்தக் கடையில் நிறத்தைப் பார்த்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

ஜூலை 14, வெள்ளி

மதியம் இரண்டரை தாண்டி ராக்கெட். மொட்டை மாடியில் தெரு ஜனம் முழுக்க நின்றது. ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ஒரு வெளிச்சம் எழும்பி, பின்னால் வெள்ளையாக ஒரு புகைக் கம்பம். நிலாவுக்குப் போகிறதாம். எல்லோரும் கை தட்டினார்கள். ராக்கெட் மறைந்த பிறகும் புகை வெகுநேரம் அங்கேயே நின்றது. வளைந்து, மேலே தடித்து, கீழே ஒற்றைக் கால் மாதிரி.

வேதவல்லியிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஜூலை 16, ஞாயிறு

வியாசர்பாடி போனோம். மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம். ஃபிலோமினா குடும்பம் இருந்த தெருவில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு. கோயில் ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா பழைய பதிவைப் புரட்டிப் பார்த்தார். கல்யாணம் எழுபத்தொன்பதில், மாப்பிள்ளை ராயபுரம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பேர் அந்தோணி. அதற்கு மேல் இங்கே இல்லை, ராயபுரம் கோயிலில் கேட்டுப் போன் பண்ணச் சொல்கிறேன் என்றார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? "ஒண்ணா வேல செஞ்சோம்," என்றேன். குரல் வரவில்லை. வேதவல்லிதான் மறுபடி சொன்னாள்.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் நாள். கூழ். விழுங்க முடியவில்லை.

ஜூலை 19, புதன்

கொக்கு முழுதாக வந்துவிட்டது. அலகு, கழுத்து, ஒற்றைக் கால் எல்லாம். கூண்டில் இரண்டு கோழிகள்தான் இருக்கின்றன. கீரி கொண்டுபோயிருக்கும் என்கிறாள் வேதவல்லி. இறகு ஒன்றுகூட இல்லை. கீரி அத்தனை சுத்தமாகச் சாப்பிடுமா?

ஒரு கண்ணாடியை எடுத்துப் போய்க் கதவுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தைந்து வருஷம் கழித்து. எப்படிப் பிடித்தாலும் கண்ணாடியில் அதன் கண் நிற்கவே இல்லை.

ஜூலை 20, வியாழன்

போன் வந்தது. ராயபுரம். ஃபிலோமினா இருக்கிறாள்.

வேதவல்லி போனை வைத்துவிட்டு உடனே, "வெச்சிடு மாமா கைநாட்டு," என்றாள். கண்ணால் பார்த்த பிறகு என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

ராயபுரத்தில் சந்துக்குள் சந்து. வாசலிலேயே தையல் மெஷின். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தாள். தலை முழுக்க வெள்ளை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இருமல் இல்லை, இரைப்பு இல்லை. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"அய்ய! பெயிண்டரா? இன்னாய்யா இப்டி வத்திப் பூட்டே? கொரலு எங்க போச்சி?"

"போவப் போவுது," என்றேன்.

வேதவல்லி எல்லாவற்றையும் சொன்னாள், வரிசை உட்பட. ஃபிலோமினா கேட்டுக்கொண்டே ரவிக்கைக் கை ஒன்றைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"அப்ப நான் செத்துட்டேனான்னு பாக்கத்தான் வந்தே?"

"அப்டி இல்ல..."

"அப்டித்தான். வந்த வரைக்கும் சந்தோசம். டீ குடி." சிரித்தாள். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க வூட்டுக்காரரு அந்தப் படத்துல இல்லியே பெயிண்டர். ரேஸுக்கே வந்ததில்ல. பீடி புடிச்சினு இருந்தாரு. தட்டுல மிச்சமாவறத வூட்டுக்கு எடுத்தாந்து, கவுரதையா இத்தப் புடிய்யான்னு நான்தான் குடுத்தேன். நாப்பத்தோரு வயசுல பூட்டாரு. தொண்ட. உன்ன மாரியேதான். அவுரு எந்த வரிசைல நின்னாரு, சொல்லு?"



அவள் எழுந்து உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்து வந்தாள். சீசன் முடிவில் கம்பெனி அவளுக்குக் கொடுத்ததாம். ஓரம் செல்லரித்திருந்தது. அதே படம். டெஸ்மண்ட் அண்ணன், காதர்மொய்தீன், ஜெயதேவ் சார், பட்டாபி சார், எல்லப்பன், ஃபிலோமினா. வரிசையில் நான் ஒரு தப்பும் சொல்லவில்லை.

ஆனால் கொக்குக்குக் கண் இல்லை.

கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். பிரஷ் இன்னும் தொடவில்லை. போட்டோவை அவன் முன்னாலேயே எடுத்திருக்கிறான். ஒருவரும் கொக்கைப் பார்க்கவில்லை, எல்லோரும் போட்டோகிராபரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான்கு பேர் கையில் சிகரெட் புகைகிறது. எல்லப்பன் கையில் மட்டும் இல்லை. அவன் அப்போதுதான் கையை நீட்டுகிறான், வெட்கப்பட்டுக்கொண்டு.

"எது பாக்கும் பெயிண்டர்? அதுக்குத்தான் கண்ணே இல்லியே," என்றாள் ஃபிலோமினா.

வேதவல்லி படத்தின் மேல் குனிந்தாள். "மாமா, பிரஷ் புடிச்ச கை நீதானே? அப்ப இந்த இன்னொரு கை யாருது? டப்பாவ எல்லப்பன் மாமா கிட்ட நீட்டினு இருக்கே, இது?"

எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. சந்துக்குள் வெளிச்சம் போதாது.

ஃபிலோமினாவின் தட்டு அவள் இடுப்பில் இருந்தது. தட்டு நிறைய இருந்தது. யாரும் அதிலிருந்து எடுத்திருக்கவில்லை.

ஜூலை 22, சனி

இன்று சொல்ல ஒன்றும் இல்லை.

(மாமா காலையில் கூண்டிலிருந்து கதவைப் பிரித்து எடுத்தார். பிரித்ததும் அதைப் படுக்கப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. வேதவல்லி.)

ஜூலை 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மணிமாறன் லாரியை ஓசூரில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தான். கட்டிலருகே வந்து நின்றதும் அவன் சட்டையிலிருந்து அந்த வாசனை. நானே இருபது வருஷம் அப்படித்தான் மணத்திருப்பேன்.

அவன் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து வேறு பைக்கு மாற்றினான். பாக்கெட்டின் மேல் இப்போதெல்லாம் படம் போடுகிறார்கள், தொண்டை வெந்த ஆள் படம். மணிமாறன் பாக்கெட்டைப் பிடிக்கிறபோது அவன் கட்டைவிரல் சரியாக அந்தப் படத்தின் மேல் வந்து விழுகிறது. பழக்கத்தில் வருகிற இடம். எத்தனை நாளாக அப்படிப் பிடிக்கிறானோ.

நர்ஸ் காகிதம் கொண்டுவந்தாள். மை தடவினாள்.

"தாத்தா, புரிஞ்சிதா? இதுக்கப்புறம் பேச முடியாது."

புரிந்தது. பேசி என்ன ஆயிற்று? இவனிடம் விடு, விடு என்று நான் சொன்னதே இல்லையா என்ன? சொன்னது காதில் ஏறவில்லை. கழுத்தில் ஓட்டையோடு தினமும் இவன் எதிரில் உட்காருகிறேன். சாப்பிடும்போது எதிரில், டிவி பார்க்கும்போது எதிரில். என்னை எந்த விரலை வைத்து மறைப்பான்?

கைநாட்டு வைத்தேன்.

ஜூலை 24, திங்கள்

விடிந்துவிட்டது. எட்டு மணிக்குக் கூட்டிப் போவார்கள். வேதவல்லி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். காது அருகே வந்தால்தான் என் பேச்சு கேட்கிறது.

ஏழாம் தேதி சொன்னதைத் திருத்து. சிகரெட் கொடுத்தது ஃபிலோமினா என்று சொன்னேன். அடித்துவிடு. டப்பா என் கையில் இருந்தது. வேலைக்குக் கூலியோடு எனக்கு டப்பாவும் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். கொடுக்கிறவன் பெரிய ஆள் இல்லையா? பேனர் கம்பெனியில் சோற்றுக்கு நின்றவன், மில்காரர் மகனுக்கு நெருப்புப் பற்றவைத்தேன்.

டெஸ்மண்ட் அண்ணன், ஜெயதேவ் சார், பட்டாபி சார் மூன்று பேரும் எனக்கு முன்பே பிடித்தவர்கள். அவர்களை விடு. முதல் சிகரெட்டை என் கையால் வாங்கினவர்கள் வேறு. வாழ்நாளில் மூன்று பேர். வரிசையாகச் சொல்கிறேன்.

காதர்மொய்தீன். வாப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்றான். வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குடிக்கக் கற்றுக்கொடுத்தேன். போய்விட்டான்.

எல்லப்பன். வேண்டாம் மாமா, அக்கா திட்டும் என்றான். போட்டோவில் எல்லோர் கையிலும் இருக்கிறது, நீ மட்டும் வெறுங்கையோடு நிற்பாயா என்றேன். போய்விட்டான்.

மூன்றாவது ஆள் படத்தில் இல்லை. அது அதற்கு வெகுநாள் கழித்து, சோழவரத்தில் நான் பார்த்த கடைசி ரேஸ். வண்டிகள் கிளம்புகிற சத்தத்தில் அவனுக்குக் கை கால் உதறியது. பதினாலு வயசாகிறது, ஆம்பளை, இதற்குப் போய் நடுங்குகிறாயே என்று டப்பாவைத் திறந்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தான். நான் சிரிப்பேனா என்று பார்த்தான். சிரித்தேன்.

ஏம்மா நிறுத்திட்டே? எழுது. நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. சக்கர வண்டி சத்தம் வருகிறது, சீக்கிரம் எழுது.

மூன்று பேரில் அவன் ஒருவன்தான் இருக்கிறான். கீழே டீக்கடை ஓரமாக நிற்கிறான், ஜன்னல் வழியாகப் புகை தெரிகிறது. உன் புருஷன். மணிமாறன்.